உள்ளம் மீனும் கொள்ளிடத்து அணைகளும்

சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தை அடுத்துள்ள சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் முதலிய ஊர்கள் இன்று வீட்டு மனைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெருங்கிய புறநகர்களாகி விட்ட போதிலும், அவற்றின் ஏரிகள் ஒன்றன் உபரிநீரை மற்றொன்று வாங்கிக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கொண்டு சேர்க்கும் பழைய ஒழுங்கை இன்னும் முற்றிலும் இழந்துவிடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை கனத்துப் பெய்து, ஏரி நிரம்பிக் கலங்கல் வழியத் தொடங்கியதும், கீழே ஓடைகளிலும் வயல்களிலும் கிடக்கும் கெளுத்தியும் கெண்டையும் குறவையும் அந்தப் புதுவெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறுவதைச் செங்கற்பட்டு ஜில்லாவின் ஏரிக்கரை ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்திருக்கிறார்கள். ஏறுகிற மீன் சினைமீன் என்பதும், அது ஏறாமற் போனால் அடுத்த ஆண்டு ஏரியில் மீன் குறையும் என்பதும், ஊத்தா என்னும் மீன்கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கும் சிறுவனுக்குங்கூடத் தெரிந்த விஷயங்கள். ஏரியின் மீன்பாசியை ஏலத்தில் எடுக்க வருகிறவரோ, தண்ணீரில் எவ்வளவு மீன் இருக்கும், கோடைக்குள் அது எவ்வளவு பருக்கும், எவ்வளவு பிடித்தால் குத்தகைப் பணம் கைக்கு வரும் என்று மனத்துக்குள் கணக்கிட்ட பிறகே தொகையைக் கேட்பார். மீனின் வயது, வளர்ச்சி, தொகை, இனவிருத்தி என்று இன்றைய மீனியல் அறிஞர்கள் பாகுபடுத்தி ஆராயும் சாஸ்திரத்தின் வித்து முழுவதும் இந்த ஏலக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

ஏரியில் இப்படி எளிதாக விளங்கும் உண்மை பெரு நதிகளில் எப்படி மறக்கப்பட்டது என்பதையும், அதை மறுபடி கண்டறிய நம் சென்னை ராஜதானி எத்தனை பாடுபட்டது என்பதையும் அறிய விரும்புகிறவர்கள், காவிரியின் பெருங்கிளையாகிய கொள்ளிடத்தில் ஒரு காலத்தில் செழித்திருந்த உள்ளம் மீனின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும். வங்காளிகள் இலிஷ் என்றும் ஆந்திரர்கள் புலச என்றும் போற்றும் அந்த மீன், வெள்ளி போன்ற செதிலும், கூர்மையான வயிற்று விளிம்பும், ஊசி ஊசியான முட்களும், நெய் மிகுந்த தசையும் உடையது. கடலில் வளர்ந்து, நதியில் ஏறிச் சினையிட்டு, மறுபடி கடலுக்கே திரும்பும் யாத்திரை ஜீவன் அது. குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்து, கலங்கிய செந்நீர் ஆனி, ஆடி மாதங்களில் சோழ மண்டலத்தைக் கடந்து கொள்ளிடத்து முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும்போது, அந்த நன்னீரின் ருசியைத் தொடர்ந்து உள்ளம் கூட்டங்கூட்டமாக உள்ளே நுழையும். காவிரிக் கரையில் பதினெட்டாம் பெருக்குக் கொண்டாடப்படும் அதே நாட்களில், கொள்ளிடத்துச் செம்படவர்கள் உள்ளம் வலை போட்டார்கள்.

இம்மீனின் வளர்ச்சியும் குடித்தொகையும் எவ்வகைப்பட்டவை என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் இந்தச் சரித்திரம் முழுவதும் அதையே பொறுத்தது. உள்ளம் விரைவில் வளர்ந்து, ஏறத்தாழ இரண்டாம் ஆண்டில் பருவம் எய்துகிறது. பெண்மீன் ஆண்மீனைவிடப் பெரிதாக வளரும். பருவமெய்திய ஒரு பெண்மீன், தன் பருமனுக்கு ஏற்ப இரண்டு, மூன்று லட்சம் முதல் இருபது லட்சம் வரை முட்டையிட வல்லது. ஆயினும் அதன் ஆயுள் குறுகியது. ஐந்தாறு ஆண்டுகளைக் கடந்த மீன் வலையில் அகப்படுவது அபூர்வம். முட்டை ஓடும் நீரில் மிதந்தும் மிதவாமலும் உருண்டுகொண்டே போய், சுமார் ஒரு நாளில் பொரிந்துவிடும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஓடும் வெள்ளம் வேண்டும், அந்த வெள்ளத்தில் தடையின்றி ஏறும் வழி வேண்டும், குஞ்சுகள் மறுபடி கடலுக்கு இறங்கும் வழியும் வேண்டும். இம்மூன்றில் எது தவறினாலும், லட்சக்கணக்கான முட்டையிடும் வளத்தால் மட்டும் அந்த இனம் பிழைத்துவிடாது. தொடர்ந்து நான்கைந்து ஆண்டுகள் தவறுமானால், கிழமீன்கள் மடிந்தபின் அவற்றின் இடத்தை நிரப்ப இளமீன் இராது.

1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்ற இளம் பொறியியலாளர், தஞ்சை நாட்டுக்கு வரவேண்டிய காவிரி நீர் தாழ்வான கொள்ளிடத்தில் வீணே பாய்ந்தோடுவதைத் தடுக்க, முக்கொம்பில் மேலணையையும், அதற்கு வெகு தூரம் கிழக்கே, இன்று அணைக்கரை என வழங்கும் இடத்தில் கீழணையையும் நிர்மாணித்தார். தஞ்சையின் நெற்களஞ்சியம் அந்த அணைகளால் காப்பாற்றப்பட்டது என்பதில் ஐயமில்லை. பின்னர் அவரே கோதாவரியில் தவளேசுவரத்து அணையைக் கட்டி 1852-ல் முடித்து, அந்த டெல்டாவின் பஞ்சத்தையும் ஓட்டினார். ஆனால் அந்த அணைகளைத் திட்டமிட்டபோது, நதியில் நீர் மட்டும் அன்று, நீரோடு எதிர்நடை போடும் ஜீவராசிகளும் உண்டு என்ற நினைவு எவருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. அந்த நினைவை முதன்முதலில் அரசாங்கத்தின் முன் வைத்தவர் யார் என்று பார்த்தால், அது அணையைக் கட்டிய சர் ஆர்தர் காட்டனேதான். 1867-ல், சென்னை ராஜதானியின் பெரு நதிகளுக்குக் குறுக்கே எழுந்துள்ள அணைகள் கடற்கரை மீன்வளத்துக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும் என்று அவர் எழுதித் தெரிவித்தார். தாம் செய்த மகத்தான காரியத்தின் மறுபக்கத்தைத் தாமே எடுத்துச் சொல்லும் நேர்மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தமிழ்நாடும் ஆந்திரமும் காட்டனுக்குச் செலுத்தும் நன்றியில் இந்தக் கடிதத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த எச்சரிக்கையின் விளைவாக விசாரணைக்கு அமர்த்தப்பட்டவர், சென்னைப் படையில் வைத்தியராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே. மலையாளக் கரையின் மீன்களைப் பற்றி 1865-லேயே நூல் எழுதியிருந்த அவர், 1871-ல் இந்திய மீன்வளத் தலைமை இன்ஸ்பெக்டராக நியமனம் பெற்று, நதி நதியாகவும் சந்தை சந்தையாகவும் திரிந்து, 1873-ல் இந்தியா, பர்மா இரண்டின் நன்னீர் மீன்களைப் பற்றிய தம் அறிக்கையை வெளியிட்டார். அணையின் அடிவாரத்தில் மேலே ஏற மாட்டாமல் மீன்கள் குவிந்து நிற்பதையும், குவிந்த மீன்களை ஒரே இடத்தில் எளிதாக வாரிக்கொள்வதையும், அப்படி வாரப்படும் மீன்களில் சினையிடாதவையே அதிகம் என்பதையும் அவர் விளக்கமாக எடுத்துக் காட்டினார். அணையால் ஏற்படும் இழப்பு இரட்டிப்பானது என்பது அவருடைய அறிக்கையின் சாரம்: வழி அடைபடுவது ஒன்று, அடைபட்ட இடத்தில் கொலை பெருகுவது மற்றொன்று. அவருடைய முயற்சியின் பலனாக நீண்ட தாமதத்துக்குப் பின் 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை அது குற்றமாக்கியதே அன்றி, அணைகளை அது தொடவில்லை.

சட்டத்துக்கு அடுத்தபடியாக வந்தது ஆராய்ச்சி. கூட்டுறவு இயக்கத்தின் தந்தையாகத் தமிழ்நாட்டில் நினைக்கப்படும் சர் பிரடெரிக் நிக்கல்சன், 1905-ல் மீன்வளத்தை விசாரிக்கும் தனிப் பொறுப்பை ஏற்று, 1907-ல் சென்னை மீன்வளப் பணிமனையை ஸ்தாபித்தார். இந்தியாவில் ஒரு மாகாண அரசாங்கம் மீனுக்கென்று தனி அலுவலகம் வைத்த முன்னோடி முயற்சிகளில் அது ஒன்று. இலங்கையின் முத்துச் சிப்பிகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் அதில் சேர்ந்து பின்னர் அதன் டைரக்டராக உயர்ந்தார். நீலகிரியில் டிரவுட் மீனை நிலைபெறச் செய்த எச். சி. வில்சன், மீன் வளர்ப்பு நிபுணராகப் பணியாற்றினார். அந்த வில்சன்தான் 1909-ல் கொள்ளிடத்துக் கீழணையில், உள்ளம் மீனைச் செயற்கை முறையில் பொரிக்கச் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். மீன் மேலே ஏற முடியாவிட்டால், முட்டையையாவது மனிதன் பொரித்து ஆற்றில் விடலாம் என்பது அவர் கருத்து.

அந்த வேலை எப்படி நடக்கும் என்பதை அருகிருந்து பார்ப்பது போல் சொல்லலாம். பொழுது சாயும் வேளையில் இழுவையில் அகப்பட்ட சினைமீனைத் துள்ளவிடாமல் ஈரத் துணியில் பிடித்துக்கொண்டு, மார்புத் துடுப்பிலிருந்து வால்புறம் நோக்கிக் கட்டைவிரலால் மெல்ல நீவினால், முற்றிய முட்டைகள் தாமாகவே பீங்கான் தட்டில் வழியும். முற்றாதவை வழியமாட்டா, அவற்றை வற்புறுத்திப் பிதுக்கினால் மீனும் கெட்டு, முட்டையும் கெடும். ஆண்மீனின் பால் போன்ற விந்தை அதன்மேல் பிழிந்து, இறகால் மெதுவாகக் கலந்து, சிறிது நீர் விட்டால், ஒவ்வொரு முட்டையும் நீரை உறிஞ்சிப் பன்மடங்கு பருத்துக் கண்ணாடி போல் தெளியும். அதன்பின் இடைவிடாத நீரோட்டத்தில் அவற்றை உருளவிட வேண்டும்; தேங்கினால் அழுகிவிடும். கலங்கிய ஆற்று நீரில் படியும் வண்டல், வெள்ளம் திடீரென்று ஏறுவதும் வடிவதும், முற்றிய பெண்மீனும் ஆண்மீனும் ஒரே நேரத்தில் வலையில் கிடைக்காமை ஆகிய இடையூறுகள் எல்லாம் அந்த வேலையை வாட்டின. வில்சனுக்குப் பின் இப்பணியைத் தொடர்ந்த பி. சுந்தரராஜ், 1917-ல் கொள்ளிடத்து உள்ளத்தின் பழக்கங்களையும் அதன் செயற்கைப் பெருக்கத்தையும் பற்றி வங்காள ஆசியச் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார். சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி, அதற்கு முந்திய ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை, நம் ஏரிகளிலும் குளங்களிலும் வாழும் சிறு மீன்களை ஆராய விரும்புகிறவர்கள் இன்றும் தேடிச் செல்லும் ஆதாரமாகும்.

செயற்கைப் பொரிப்பு வெற்றி பெற்றதா என்பதை அறிய, ஆற்றில் எத்தனை மீன், எந்த வயதில் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். இங்கே நம் நாட்டு அறிஞர்களுக்குக் குளிர் நாட்டார் அறியாத ஒரு சங்கடம் ஏற்பட்டது. ஐரோப்பியக் கடல்களில் குளிர்காலத்தில் மீன் வளர்ச்சி தடைப்படுவதால், அதன் செதிலில் மரத்தின் குறுக்குவெட்டில் தோன்றுவது போன்ற ஆண்டு வளையங்கள் விழும். அவற்றை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். உள்ளத்தின் செதிலை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், நெருக்கமான நுண் வரிகளும், குறுக்கே பாயும் பள்ளக் கோடுகளும், அங்கங்கே வளையம் போன்ற தடங்களும் தெரிகின்றன. ஆனால் வருஷம் முழுவதும் வெதுவெதுப்பான நம் நீரில், அந்தத் தடம் ஓர் ஆண்டைக் குறிக்கிறதா, உணவின்றி நதியேறிய ஒரு யாத்திரையைக் குறிக்கிறதா, ஒரே ஆண்டில் இரு முறை சினையிட்டதைக் குறிக்கிறதா என்பதைப் பற்றி அறிஞர்களிடையே நெடுநாள் விவாதம் நிகழ்ந்தது. அதனால், டென்மார்க்கின் பீட்டர்சன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட்டிய வழியில், ஆயிரக்கணக்கான மீன்களின் நீளத்தை மாதந்தோறும் அளந்து, எந்த நீளத்தில் மீன்கள் திரளாகக் கிடைக்கின்றன என்று பார்த்து, அந்தத் திரள் மாதத்துக்கு மாதம் எவ்வளவு நகர்கிறது என்பதிலிருந்து வளர்ச்சியைக் கணிக்க வேண்டியதாயிற்று. ஹார்னெலும் அவரோடு சேர்ந்து எழுதிய நாயுடுவும் மேற்குக் கரையின் மத்தி மீனைப் பற்றி 1924-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, நம் ராஜதானியில் ஒரு மீனின் முழு வாழ்க்கையையும் இப்படித் தொடர்ந்து அறிய முற்பட்ட முயற்சிகளில் தலைசிறந்தது. அளவுகோலும், குறிப்பேடும், சந்தையில் நின்று அளக்கும் பொறுமையும் அந்தச் சாஸ்திரத்தின் ஆயுதங்களாக இருந்தன.

ஆனால் அறிவு இப்படி அங்குலம் அங்குலமாக முன்னேறிக்கொண்டிருக்கையில், பொறியியல் மலை மலையாக முன்னேறிற்று. 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த மேட்டூர் அணை, சேலம் ஜில்லாவின் மலையிடுக்கில் காவிரியை மறித்து, 93 டி.எம்.சி.க்கு மேற்பட்ட நீரைத் தேக்கி வைக்கும் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தை உண்டாக்கியது. கீழணையும் மேலணையும் பெருவெள்ளத்தில் மீனுக்கு எப்போதாவது ஒரு வாய்ப்பை விட்டுவைத்தன; மேட்டூர் வேறு வகையில் அதன் வாழ்வைத் தாக்கியது. அது மீனின் வழியில் மட்டும் நிற்கவில்லை. மீனை அழைக்கும் வெள்ளத்தையே பிடித்து நிறுத்தியது. ஆனி, ஆடியில் வரும் முதற்புதுநீர் தேக்கத்தை நிரப்பவும் பாசனக் கால்வாய்களுக்கும் தேவைப்பட்டது. அங்கிருந்து மிஞ்சியது மட்டுமே கொள்ளிடத்தில் இறங்கியது. முகத்துவாரத்தில் காத்திருந்த உள்ளத்துக்கு, அதன் பரம்பரை அறிந்த அந்தக் கலங்கிய நீரின் சமிக்ஞை தாமதமாகவும் மெலிந்தும் வந்தது. சில ஆண்டுகளில் வரவே இல்லை.

இதனை முதலில் எழுத்தில் நிலைநாட்டியவரும் சுந்தரராஜே. மேட்டூர் இந்தியாவுக்குக் கற்பிக்கும் பாடங்களைப் பற்றி 1941-ல் இந்திய விஞ்ஞான அகாடமியின் வெளியீட்டில் அவர் எழுதிய நீண்ட கட்டுரை, அணையினால் கொள்ளிடத்து உள்ளம் மீன்பிடிப்பு நசித்ததை எடுத்துரைப்பதோடு, அணை கட்டுவதற்கு முன்பே மீன்வளத்தை ஆராய வேண்டும் என்று வற்புறுத்துகிறது. அடுத்த ஆண்டில் தேவனேசன் என்ற மீனியல் அறிஞர், கோதாவரி, கிருஷ்ணா, காவிரி ஆகிய மூன்று நதிகளின் அணைகளும் உள்ளத்தின் வாழ்க்கை முறையை எவ்வாறு பாதித்தன என்று ஒப்பிட்டு எழுதினார். அணைகளைப் பகைமையோடு நோக்காமல், மேட்டூர்த் தேக்கத்தில் கட்லா முதலிய மீன்களைக் குடியேற்றிப் புதிய வளத்தைத் தோற்றுவித்தவர்களும் இதே துறையினர்தான். ஒன்றை இழந்து மற்றொன்றைப் பெற்றோம். பெற்றது பண்ணை மீன், இழந்தது கடலும் மலையும் சேர்ந்து ஊட்டி வளர்த்த யாத்திரை மீன்.

இதே கதை உலகில் வேறிடத்தில் வேறு வேகத்தில் நடந்திருக்கிறது. காஸ்பியன் கடலில் வாழ்ந்து வால்கா நதியில் ஏறிச் சினையிடும் ஸ்டர்ஜன் மீன், அதன் சினையாகிய காவியருக்காகப் பிடிக்கப்பட்டது. அதன் மார்புத் துடுப்பின் முதல் முள்ளை மெல்லிதாக அரிந்து, அதிலுள்ள வளையங்களை எண்ணி வயதைச் சொல்லுகிறார்கள். அவ்வினத்தில் பெரிதாகிய பெலுகா, பருவமெய்தவே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். நூறாண்டு வாழ்வதும் உண்டு. பெண்மீன் ஒவ்வோர் ஆண்டும் சினையிடுவதில்லை. 1950-களின் இறுதியில் வால்காகிராடு அணை நதியை மறித்தபோது, பெலுகா சினையிடும் இடங்களில் பெரும்பகுதி துண்டிக்கப்பட்டது. ஆயினும் அணைக்கு முன் பிறந்த நீண்ட ஆயுள் மீன்கள் பல பத்தாண்டுகள் வலையில் விழுந்துகொண்டே இருந்ததால், அழிவு தொடங்கிவிட்டதை நெடுநாள் வரை கண்கூடாகக் காண முடியவில்லை. 1998-ல்தான் ஸ்டர்ஜன் இனங்கள் அனைத்தும் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தன. உள்ளத்தின் குறுகிய ஆயுள் நம்மை உடனே எச்சரித்தது. ஸ்டர்ஜனின் நீண்ட ஆயுள் அவர்களை ஏமாற்றியது. இரண்டிலிருந்தும் கிடைக்கும் நீதி ஒன்றே: வலையில் இன்று எவ்வளவு எடை விழுந்தது என்பதைக் கொண்டு நதியின் ஆரோக்கியத்தை அளக்கலாகாது, விழுந்தவை எந்த வயது, அவற்றில் சினையிட்டவை எத்தனை, இளமீன் வருகிறதா என்பவையே கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

அந்தக் கேள்விகளைக் கேட்ட இடத்தில் பலனும் உண்டு. 1975-ல் கங்கையில் இயங்கத் தொடங்கிய பராக்கா அணைக்கு மேலே, அலகாபாத் வரை ஏறிய இலிஷ் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் அதே கங்கையின் கீழ்ப்பகுதியாகிய வங்கதேசத்தில், 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த இளமீனைப் பிடிப்பதை மாதக்கணக்கில் தடை செய்து, சினையிடும் பருவத்தில் 22 நாட்கள் ஆறுகளில் மீன்பிடிப்பை நிறுத்தி, அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரிசி வழங்கினார்கள். 2000-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் அளவில் இருந்த பிடிப்பு, 2018-19-ல் ஐந்து லட்சம் டன்னுக்கு மேல் இருந்தது. ஒரு மீனின் பருவத்தையும் பருமனையும் அறிந்த ஆட்சி எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இது சாட்சி. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் கரையில் நிற்கும் 61 நாட்களும் இதே அறிவின் பலனாகும். அந்தத் தடை கடலுக்கு உண்டு. கொள்ளிடத்தில் ஏறும் மீனுக்கு வெள்ளத்தில் ஒரு பங்கு உண்டு என்ற விதியோ இன்னும் எழுதப்படவில்லை.

எழுதப்படுவதற்கு இதைவிட ஏற்ற காலம் இல்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் பெருவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட பின், அங்கே புதிய கதவணை எழுந்தது. கீழணைக்குக் கிழக்கேயும் புதிய கதவணை கட்டப்பட்டது. கதவணை என்பது காட்டன் காலத்துக் கல் அணையைப் போன்று அசையாத சுவர் அன்று. திறக்கவும் மூடவும் கூடியது. ஆடி வெள்ளத்தின் முதல் சில நாட்கள் நடுக்கதவுகளை அடியோடு உயர்த்தி வைப்பதற்கும், கொள்ளிடத்து முகத்துவாரம் வரை ஒரு தொடர்ந்த ஓட்டத்தை விட்டு வைப்பதற்கும் பெருஞ்செலவு ஏற்படாது. ஏற்படுவதெல்லாம் நீரைப் பங்கிடும் அதிகாரியின் நாட்குறிப்பில் ஒரு வரி மட்டுமே. சால்மனைப் போலத் துள்ளி ஏறும் இயல்பு உள்ளத்துக்கு இல்லாததால், ஐரோப்பிய மாதிரியில் மீன் ஏறும் படி கட்டுவதைவிட இந்த வழியே அதற்கு ஏற்றது. எத்தனை மீன் ஏறின, எந்த நீளத்தில், எந்த மாதத்தில் என்று அணைக்கரையில் நின்று அளந்து எழுதும் ஓர் அலுவலரும் வேண்டும்; வில்சனும் சுந்தரராஜும் நூறாண்டுக்கு முன் அதே கரையில் நின்று செய்த வேலைதான் அது.

பெருநதிக்குப் பொருந்துவது புறநகர் ஏரிக்கும் பொருந்தும். சிட்லபாக்கம் ஏரியைச் சீரமைக்க 2019-ல் 25 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கரையை உயர்த்துவதும், நடைபாதை அமைப்பதும், கழிவுநீரைத் திருப்புவதும் அவசியமான பணிகளே. அவற்றோடு, கலங்கலின் அடியில் செங்குத்தாக இறங்கும் சிமெண்டுச் சுவருக்குப் பதிலாக மீன் ஏறக்கூடிய சரிவு ஒன்று இருக்கிறதா, ஏரிக்கும் ஏரிக்கும் இடையேயுள்ள வாய்க்கால் மழைக்காலத்திலேனும் அறுபடாமல் ஓடுகிறதா, ஏலம் எடுத்தவர் வளர்ப்பு மீனை மட்டும் விட்டு நாட்டு மீனை ஒழித்துவிடாமல் இருக்கிறாரா என்பவற்றையும் ஊரார் கேட்க வேண்டும். 1836-ல் கேட்கத் தவறிய கேள்விகளை 1867-ல் காட்டனும், 1873-ல் டேயும், 1941-ல் சுந்தரராஜும் நமக்காகக் கேட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு விடை சொல்லும் பொறுப்பு இனி அணையைத் திறக்கும் அரசுக்கும், ஏரியைச் சூழ்ந்து வாழும் நமக்கும் உரியது.